அசனத்துக்கு உப்பு

ஞானசிகாமணி கோயில் மதிலுக்கு வெளியே நின்று புகையை முகர்ந்து பார்த்தார். பச்சை விறகு.

உள்ளே அசனம் தயாராகிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சபையார் அத்தனை பேரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடும் நாள். மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து அந்தக் குழம்புக்கு உப்புப் போட்ட கை அவருடையது. இந்த வருஷம் அந்தக் கை வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றது.

சபையை விட்டு விலகி ஒரு மாதம் ஆகிறது. சபையின் குருவானவர் சாலமோன் ஐயர், தன்னுடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளுக்குக் கொட்டகை போடுவதற்காகக் கோயில் வேப்பமரத்தை வெட்டிவிட்டார். அந்தக் கரிசல் பொட்டலில் நிழலென்று இருந்த ஒரே மரம். வெட்டியதைக்கூட ஞானசிகாமணி பொறுத்திருப்பார். சொந்தச் சபையிலேயே விறகுக்கடைக்காரர் என்று அவர் ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் இருக்க, மரத்தை எட்டயபுரம் ரோட்டுக் கடைக்கு விற்றார் பாருங்கள், அதைத் தேவனே மன்னித்தாலும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஐயரைப் பிடிக்காதவர் அவர் மட்டுமல்ல. சபையில் ஐயரைப் பிடித்தவர் யாரென்று தேடினால் ஐயரம்மாவிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அங்கேயும் உறுதியில்லை.

திங்கள் முதல் சனி வரை ஆளாளுக்கு ஐயரை வறுத்தெடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கு அப்பாவின் கல்லறை, ஒருவருக்குப் பாடகர் குழுவில் முன்வரிசை, ஒருவருக்கு மகள் கல்யாணம். சூடு சொரணை இல்லாத ஜனம் என்று திட்டிவிட்டுத்தான் ஞானசிகாமணி வெளியேறினார்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார். தங்கமான மனுஷர்கள். திட்டுவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை. அதனால் ஆராதனை முடிந்த பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அவர் வந்தது சாப்பிட அல்ல. தான் இல்லாமல் அசனம் எப்படிக் குட்டிச்சுவராகிறது என்று கண்குளிரப் பார்க்க.

கெட்டுத்தான் போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஐயர் ஜெபம் பண்ணும் முன்னால் அசனக் குழம்பை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். உப்பைக் கண்ணால் பார்த்தே போட வேண்டும். ஐயரின் மச்சினன் எபநேசர் கரண்டி பிடிக்கிறான் என்று கேள்வி. அவனுக்கு வீட்டில் சுடுதண்ணீர் வைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம்.

புகை இன்னும் கறுத்தது. அது அந்த வேப்பமரமேதான். கோயில் மரத்தை விற்று, அதையே காசு கொடுத்து வாங்கி, ஈரம் காயுமுன் அடுப்பில் வைத்திருக்கிறார்கள்.

விறகைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுவது என்று உள்ளே போனார்.

"பச்ச விறக வச்சு எரிக்கது எவம்லே?"

எல்லோரும் திரும்பினார்கள். எபநேசர் திருதிருவென்று முழித்தான். ஐயர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானசிகாமணி பச்சைக் கட்டைகளை இழுத்துப் போட்டார். தீ நிமிர்ந்தது. அத்தோடு போயிருக்கலாம். பக்கத்தில் கல்லுப்பு மூட்டை வாய் திறந்து கிடந்தது. அள்ளினார். அண்டா அண்டாவாகப் போய் வழக்கம்போலப் போட்டார். எபநேசர் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பதவி பறிபோன துக்கம், பாவம் என்று ஞானசிகாமணி நினைத்துக்கொண்டார்.

ஐயர் ஜெபித்தார். பந்தி உட்கார்ந்தது. முதல் இலை ஐயருக்கு. ஒரு வாய் வைத்தார். நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றார்.

பந்தியில் ஒரு சத்தம் இல்லை. ஐயரின் எந்தப் பிரசங்கத்துக்கும் கிடைக்காத அமைதி. ருசி அப்படி என்று ஞானசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்றார்கள். வெயில் அப்படி. பெண்கள் வரிசையில் அவரோடு சபையை விட்டு வர மறுத்த மனைவி மேரிராணி கண் கலங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இலைக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

சமைத்தவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். உட்கார்ந்து, பிசைந்து, ஒரு கவளத்தை வாயில் வைத்தார்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏலே எபநேசரு, நான் வாரதுக்கு முன்னயே உப்புப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அண்ணாச்சி. சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லாதேன்னு ஐயரு கண்ணக் காட்டிட்டாவ."

ஞானசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்ப் பானை அருகே ஐயர் நின்று செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார். மன்னித்தாரா, பழிவாங்கினாரா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையாக, அவரைப் பிடிக்காத அத்தனை பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஞானசிகாமணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு ஆள் இலையில் துப்பியிருந்தால் போதும். செருப்பை மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார்.

இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். எழுந்துபோய் அந்த வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.