தானாக நின்ற மிஷின்

வெங்காயத் தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி ஊரே நிற்கிறது. நீர் வற்றியதென்று கிணற்றுக்குள்ளேயே இறக்கிவைத்திருந்த இறைப்பு மிஷின் காலையில் தானாக நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்ற இறங்கிய ஆழ்வாப்பிள்ளை அதனருகே அசைவின்றிக் கிடக்கிறார். மிஷின் கக்கிய காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. மேலேற முடியாமல் தண்ணீரைப்போலத் தேங்கி, முதலில் மிஷினையே மூச்சடைக்க வைத்திருக்கிறது. கயிற்றில் இறக்கிய அரிக்கன் லாம்பு பாதி ஆழத்திலேயே அணைகிறது. குதிக்கப்போன தம்பி சோமசேகரத்தை மூன்றுபேர் இறுக்கிப் பிடிக்கிறார்கள். "விசரா, நீயும் சாகப் போறியோ?" அரைமணி நேரமாக, வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து, அந்தக் காற்றைக் கலைக்கிறார்கள். கிணற்றுக்கட்டில் சாய்ந்திருக்கும் மனைவி பத்மாசினி ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள்: "மிஷினிலை எண்ணெய் இன்னும் கிடக்கெண்டு அவர் சொன்னவர். நான்தான் போத்தலைக் குடுத்து இறக்கினனான்."