இலையில் வைத்த சென்ட்

சென்ட் பாட்டிலை நிலக்காரர் வீரையன் தன் கையாலேயே இலையில் வைத்தார்.

பதினாறாம் நாள் படையல். வெற்றிசெல்வனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விரால்மீன் குழம்பு, அவித்த முட்டை, பரோட்டா, வெற்றிலை சீவல். அவன் அக்கா ராஜம்மாள் ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஒரு மூச்சு அழுதாள்.

அவன் மனைவி கனகா அழவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பாட்டில் புதிது. அட்டைப்பெட்டியில் ஒரு பச்சை ஆப்பிளும் ஊதாப் பூங்கொத்தும் இருந்தன. லாவெண்டர் என்பார் குடவாசல் கடைக்காரர். அந்தப் பூவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அந்த வாசனை தெரியாதவரும் ஊரில் இல்லை.

“நம்ம செல்வம் வர்றதுக்கு முன்னாடி அவன் சென்ட்டு வந்து நிக்கும்” என்று வீரையன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “மருந்தடிக்க வந்தவனா, மைனரான்னு எனக்கே சந்தேகமாப் போயிடும்.”

சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்க ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதியில், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கனகாவுக்குப் பழக்கம்தான். வெற்றிசெல்வன் அளவாகப் போட்டுக்கொண்டதே இல்லை. சட்டை நனையும்வரை அடிப்பான். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். டீக்கடையில் “வாய்யா சென்ட்டு” என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

வீரையன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலும் வாசல்வரை கேட்டது.

“நானும் எத்தனையோ தடவ சொன்னேன். நெஞ்சுக்குள்ள போவுதுடா, விட்டுருடான்னு. கேட்டாத்தானே? சென்ட்ட அடிச்சு அடிச்சு நுரையீரலக் கெடுத்துக்கிட்டான்.”

தலைகள் ஆடின.

கனகா அந்தத் தலைகளைப் பார்த்தாள். இனி இந்த ஊரில் அவள் புருஷன் அப்படித்தான் செத்தவன். மினுக்கியே செத்தவன். நாளைக்கு டீக்கடையில் இதைச் சொல்வார்கள். அடுத்த வருஷம் நடவுக்கு வருகிற பெண்களும் சொல்வார்கள். 

குறுவையோ சம்பாவோ, வீரையனின் வயலில் பூச்சி விழுந்தால் ஸ்பிரேயர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கியவன் அவன். டேங்க் மூடி கசியும். பூச்சிமருந்து முதுகு வழியாக இடுப்புக் கைலிவரை ஊறும். ஒரு மாஸ்க் வாங்கித் தரச் சொல்லி அவளே போய்க் கேட்டாள்.

“துண்டு இருக்குல்ல, கட்டிக்கச் சொல்லு” என்றது இதே வாய். எதிர்க்காற்று அடித்த அன்றும், “இன்னிக்கே முடிச்சுட்டுப் போடா” என்றது இதே வாய்.

கனகா எழுந்தாள்.

கும்பிடப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் குனிந்து பாட்டிலை எடுத்தாள்.

“அடியே, படைச்சத எடுக்கக் கூடாதுடி” என்று ராஜம்மாள் பதறினாள். “எந் தம்பி வந்து ஏமாந்து போவான்.”

“வையிம்மா” என்றார் வீரையன். “குழம்புக்கும் முட்டைக்குமா வருவான் அவன்? இந்த வாசனையப் புடிச்சுக்கிட்டுல்ல வருவான்.”

“அவருக்கு வாசனையே தெரியாது மாமா.”

வீரையனுக்குப் புரியவில்லை. புரியாத முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

“உங்க வயலுக்கு மருந்தடிச்சு அடிச்சு அவரு மூக்கு செத்து நாலு வருசமாச்சு. ஈரலு அப்புறந்தான் செத்துச்சு.”

கருவாடு கருகி வீடே புகைந்த ஒரு மத்தியானம், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் அவளிடம்தான் கேட்பான். வேலை முடிந்து வந்து, உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு, சென்ட்டை அடித்துக்கொண்டு கையை நீட்டுவான். மருந்து வாடை போயிடுச்சா? அவள் முகர்ந்து பார்ப்பாள். ஆப்பிளுக்கும் அந்தப் பூவுக்கும் அடியில் அது அப்படியே கிடக்கும். இன்னும் கொஞ்சம் அடிங்க என்பாள். மறுபடியும் அடிப்பான். மறுபடியும் கையை நீட்டுவான்.

கனகா பெட்டியைக் கிழித்துப் போட்டாள். மூடியைக் கழற்றினாள்.

வீரையனின் தோளில் கிடந்த துண்டின்மேல் அடித்தாள். அவர் ஒரு அடி பின்னால் போனார். இவளும் ஒரு அடி வைத்தாள். துண்டு நனைந்தது. சட்டை நனைந்தது. விரல் வலித்தும் அவள் நிறுத்தவில்லை.

“நல்லா மோந்து பாருங்க மாமா. இதுவா கொன்னுச்சு?”

யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. குழம்பும் சாம்பிராணியும் இருந்த இடம் தெரியாமல் போயின. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாசலில் நின்றவர்கள்கூட முகத்தைத் திருப்பி இருமினார்கள்.

நிலைப்படியில் பரணிதரன் நின்றிருந்தான். போன வாரத்திலிருந்து வீரையனின் வயலுக்கு அவன்தான் மருந்தடிக்கிறான். அதற்கு முன் ஏழெட்டு வருஷமாக வேறு வயல்களுக்கு அடித்துக்கொண்டிருந்தவன்.

அவன் மூக்கைப் பொத்தவில்லை. இருமவும் இல்லை. முகத்தை உயர்த்தி ஒருமுறை நன்றாக இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

பிறகு பக்கத்தில் நின்றவரின் கையை மெல்லத் தொட்டான்.

“அண்ணே, வாசம் வருதா?”