ஜாபிர் நானாவின் சந்தேகங்கள்

"பத்து வருஷமா இந்த வேலையில இருக்காரு. இதுகூடவா வெளங்கல?"

ஜாபிர் நானாவைப் பார்த்தபடி யசோதினி பக்கத்து மேசை நிரோஜாவிடம் முணுமுணுத்தாள். நிரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பதுளையில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது அந்த சாப்ட்வேர் கம்பனி. மொத்தம் ஒன்பது பேர். அவர்களுடைய முக்கிய வாடிக்கையாளரின் புரோகிராம்களில் பாதி 'எஸ்விஎன்' என்ற பழைய களஞ்சியத்தில் இருந்தது, மீதி 'கிட்' என்ற புதிய களஞ்சியத்தில். இங்கே செய்த மாற்றத்தை அங்கேயும், அங்கே செய்ததை இங்கேயும் கொண்டு சேர்க்க, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள்.

கருவி நல்ல கருவிதான். அதோடு வந்த வழிகாட்டிதான் யாருக்கும் விளங்கவில்லை. போன மாதம் யாரோ கட்டளைகளை வரிசை மாற்றிச் செய்ததில், மூன்று பேருடைய ஒரு வார வேலை அழிந்துபோனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு கம்பனியைப் பார்த்துக்கொள்வதாக வாடிக்கையாளர் சொல்லிவிட்டார்.

"யசோதினி, எல்லாருக்கும் வெளங்குற மாதிரி நீங்க ஒரு வழிகாட்டி எழுதுங்க" என்றார் முதலாளி ஜெயராசா.

யசோதினி மடுல்சீமையிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆறாவது மாதம்தான் நிரந்தரமா, இல்லையா என்று சொல்வார்கள். ராப்பகலாக உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் கூட்டத்தில், எல்லாரும் அண்ணன் என்ற முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஜாபிர் நானா கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, முதல் வரியில 'இந்தக் கட்டளையை அடிக்கவும்'னு இருக்கு. எந்த போல்டருக்குள்ள நின்னு அடிக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். யசோதினி பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பவும் வந்தார். "பாதியில கரண்ட் போனா, மறுபடி முதல்ல இருந்தா?"

அடுத்த நாள், "பழைய களஞ்சியத்துல சில பேர் வெறும் ரெண்டெழுத்துல பேர் வச்சிருக்காங்க. அவங்க செஞ்ச வேலையெல்லாம் புதுசுல யார் பேர்ல வரும்?"

அதற்கு அடுத்த நாள், "செவப்பு எழுத்துல ஏதாச்சும் வந்தா பயப்படணுமா?"

உடன் வேலை செய்யும் ஜீவன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். "பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க நானா."

ஜாபிர் நானாவும் சேர்ந்து சிரித்தார்.

யசோதினி நேரே ஜெயராசாவிடம் போனாள். "சார், அவரு வேணும்னே என்னைய சோதிக்கிறாரு."

ஜெயராசா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்கும் அவரு கேக்குறத எழுதிருங்களேன்."

எழுதினாள். மொத்தம் பத்தொன்பது சந்தேகங்கள். ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்துப் பதில் எழுதியபோது, இரண்டு இடத்தில் தான் எழுதியிருந்ததே பிழை என்று தெரிந்தது. வாயைத் திறக்காமல் திருத்திக்கொண்டாள்.

அதன் பிறகு மூன்று வாரம் ஒருவருடைய வேலையும் காணாமல் போகவில்லை. நிரோஜா சொன்னாளே என்று, அந்தக் கருவியை உருவாக்கியவர்களுக்கும் யசோதினி வழிகாட்டியை அனுப்பி வைத்தாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. "இத்தனை வருடமாக எங்களுக்குத் தோன்றாத கேள்விகள். இனி கருவியோடு இந்த வழிகாட்டியையே கொடுக்கப் போகிறோம், உங்கள் பெயரோடு."

அன்றைக்கே ஜெயராசா நிரந்தர நியமனக் கடிதத்தையும் கையில் கொடுத்தார். யசோதினிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழே ஓடிப்போய் எல்லாருக்கும் ரோல்ஸும் கேக்கும் வாங்கி வந்தாள்.

"நானா கேக்காட்டி இந்த வழிகாட்டியே இல்ல" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். கைதட்டினார்கள். ஜாபிர் நானா இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து படி இறங்கும்போது ஜீவன் பின்னாலேயே வந்தான்.

"யசோ, அந்த செவப்பு எழுத்து சந்தேகம் என்னோடது. கூட்டத்துல கேக்க வெக்கமா இருந்துச்சு. நானாகிட்ட சொன்னேன், அவரு கேட்டுட்டாரு."

பசறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த நிரோஜா, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "கரண்ட் போறது என்னோட சந்தேகம்டி."

பஸ் கிளம்பும்போது போனில் ஜெயராசாவிடமிருந்து ஒரு செய்தி. 'அந்த ரெண்டெழுத்துப் பேர் என்னுடையது. வெளியில் சொல்ல வேண்டாம்.'

மறுநாள் காலை யசோதினி நேரே ஜாபிர் நானாவின் மேசைக்குப் போனாள்.

"நானா, அந்தப் பத்தொன்பதுல உங்க சந்தேகம் எது?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"எனக்கா? எனக்கு நீங்க எழுதினது முதல் நாளே நல்லா வெளங்கிருச்சு தங்கச்சி."