வளைவில் நின்றவள்

தம்பியைக் கொன்றவன் தண்டவாளத்தின் நடுவே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வளைவில் நின்றிருந்த அவள் கையில் விசில் இருந்தது. ஊதாமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

ஆனால் ரயில் எதுவும் வராது. விசாரணைக்காக இந்தப் பாதையை அடைத்து வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவளும் தம்பியும் ஒரே கேங்கில் தண்டவாள வேலை செய்தவர்கள். கேங்கே அவளை அக்கா என்று கூப்பிடும், கூடப்பிறந்து அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். போன மாதம் அவளுக்கு லீவாக இருந்த ஒரு நாளில், இதே இடத்தில் ரயில் அவனை அடித்துப் போட்டுவிட்டது.

பாதையில் வேலை நடக்கும்போது வளைவில் ஒரு கொடிக்காரர் நிற்க வேண்டும், ரயில் தலை தெரிந்ததும் விசில் ஊத வேண்டும். அன்றைக்கு சூப்பர்வைசர் கொடிக்காரரையும் ஜல்லி வாரச் சொல்லிவிட்டான். "விசிலைக் குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனவன், மர நிழலில் உட்கார்ந்து போனில் சிரித்துக்கொண்டிருந்தான். இது கேங்கில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவனுக்குப் பயந்து எல்லார் வாய்க்கும் பூட்டு.

விசாரணையில் அவன் கூசாமல் சொன்னான். "நான் ரெண்டு தடவை ஊதினேன் சார். அந்தப் பையன்தான் அசட்டையா இருந்துட்டான்."

செத்தவன் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, அவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டான். மன்னித்துவிடு என்று அவளுக்குப் புத்தி சொல்ல வந்த சொந்தக்காரர்களின் வாசலை அவள் அதற்கப்புறம் மிதிக்கவில்லை.

"அன்னிக்கு மாதிரி ஜல்லி இறுக்குற மெஷின் ஓடும்போது விசில் சத்தம் கேக்குமா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"பேஷா கேக்கும் சார். வேணும்னா என்னையே நிக்க வெச்சுப் பாருங்க."

அப்படி வந்ததுதான் இந்தச் சோதனை. விசில் கேட்டதும் அவன் கையைத் தூக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் தூக்கிவிட்டால் தம்பியின் கவனக்குறைவு என்று கேஸ் முடிந்துவிடும். நாளையிலிருந்து அதே கேங், அதே சூப்பர்வைசர்.

"நான் ஊதறேன் சார்" என்று முன்னால் வந்தாள் அவள்.

சூப்பர்வைசர் பல்லைக் காட்டினான். "தாராளமா ஊதும்மா. மூச்சு இருக்கற வரைக்கும் ஊது."

அதிகாரி மெஷின் பக்கம் நகர்ந்தார். அவள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். "அங்க வேணாம் சார். நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க."

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவளோடு வளைவு வரைக்கும் நடந்து வந்தார்.

தூரத்தில், சூப்பர்வைசரின் கண்ணுக்கு நேரே மெஷினைப் பிடித்திருந்தவன் அவனுடைய மச்சான். என்றைக்கும் மெஷினைத் தொடாதவன், இன்றைக்கு வலிய வந்து தொட்டிருந்தான். தோளில் துண்டோடு, வளைவைப் பார்த்த மாதிரி நின்றான். 

மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அவள் கொடியை உயர்த்தினாள், விசிலை உதட்டில் வைத்தாள். கன்னம் இரண்டும் உப்பின.

அங்கே மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சூப்பர்வைசரின் கை சட்டென்று உயர்ந்தது. அதோடு விடாமல், நிஜமாகவே ரயில் வந்துவிட்ட மாதிரி பாதையை விட்டுத் துள்ளிக் குதித்தும் காட்டினான்.

ஓரமாக நின்ற கேங் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "போச்சு. செத்தவனை ரெண்டாந்தடவையும் சாகடிச்சுட்டானுங்க" என்று முனகினார் அன்றைக்கு விசிலைக் கொடுத்த கொடிக்காரர்.

மெஷின் நின்றது. அதிகாரியும் அவளும் திரும்பி நடந்து வந்தார்கள். அவள் தலை குனிந்தே இருந்தது.

சூப்பர்வைசர் எதிரே ஓடி வந்தான். "பாத்தீங்களா சார்? காதுக்குள்ள வந்து ஊதின மாதிரி இருந்துச்சு. இது கேக்கலைன்னா அவன் செவிடனா இருக்கணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை தடவை கேட்டுச்சு?"

"ரெண்டு தடவை சார். நீளமா, கணீர்னு." அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். "மனசுல வெச்சுக்காதம்மா. உன் தம்பி விதி அப்படி."

அதிகாரி அவனைப் பார்க்கவில்லை. கேங் முழுக்கக் கேட்கும்படி அவளிடம் கேட்டார். "நீங்க எத்தனை தடவை ஊதினீங்க?"

அவள் விசிலை அவர் கையில் வைத்தாள். தம்பியை எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக சூப்பர்வைசரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு இவர் ஊதின அளவுதான் சார். ஊதவே இல்ல."