காதுமடிச்சியின் குகை

"அக்கா, நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டுக்குப் போ."

வனத்துறை அலுவலகத்தின் மூலையில், முக்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி தலையை நிமிர்த்தாமலேயே சொன்னான். வனக்காவலர் உடுப்பு மட்டும்தான் அவன் மேல் மிச்சம் இருந்தது. பெல்ட், விசில், டார்ச் எல்லாவற்றையும் வாங்கி ரேஞ்சர் மேஜையில் வைத்திருந்தார்கள்.

"வராம? நீ பாட்டுக்கு வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பே. நான் வீட்ல கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேஞ்சருக்கு எதிரே உட்கார்ந்தாள். ரேஞ்சர் நல்ல மனிதர்தான். ஆனால் குகையில் பார்த்த காட்சியிலிருந்து அவர் இன்னும் மீளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, உங்க வேதனை புரியுது. நான் சொல்றதையும் கேளுங்க. காதுமடிச்சின்னு நாங்க கூப்பிடுற புலி, போன ஈத்துக்கும் சரி, இந்த ஈத்துக்கும் சரி, ஒரே குகையிலதான் குட்டி போட்டுச்சு. பிளந்த பாறைக்குப் பின்னால இருக்கு அது. வாசலை முள்ளுப்புதர் மறைச்சிருக்கும். பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது. அதைக் கண்டுபிடிச்சதே உங்க தம்பிதான்."

"அது தப்பா சார்?"

"இல்லம்மா. ஆனா குட்டி இருக்கிற இடத்தை நாங்க ஒரு துண்டுக் காகிதத்துலகூட எழுதி வைக்கிறதில்ல. வாய் வார்த்தைதான். இவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. அப்படி இருக்க, ஒருத்தன் வழி தப்பாம நேரா அங்க போய்ப் பொறி வச்சிருக்கான். தோலை உரிச்சுக்கிட்டுப் போயிட்டான். நாங்க போனப்போ குட்டிங்க ரெண்டும் அந்த உடம்புல பால் தேடிக்கிட்டிருந்துச்சுங்க."

தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"யார்கிட்டடா சொன்னேன்னு கேட்டா, ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொன்னேங்கிறான். அது யாருன்னு கேட்டா ஊமையாயிடறான். இவன் வேலை போறதோட இது நிக்காதும்மா. ஜெயிலுக்குத்தான் போவான்."

அக்காவுக்குக் கோபம் வந்தது.

"அந்த ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரியும் சார். இவன் பொண்டாட்டி. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான். வேலைவெட்டி எதுவும் கிடையாது. புது பைக் மட்டும் வாங்கியிருக்கான்."

"அக்கா! அவளை இதுல இழுக்காதே. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"பார்த்தீங்களா? இவ்வளவு நேரம் வராத பேச்சு, பொண்டாட்டியைச் சொன்னதும் பொத்துக்கிட்டு வருது."

ரேஞ்சர் பெருமூச்சு விட்டார். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அட்டையில் இரண்டு சிறுவர்கள் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்திருக்க, புலி ஒன்று குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"குழந்தைகளுக்காக நான் எழுதின கதை சார். போன வருஷம் வந்தது. ரெண்டு பசங்க ஒரு வனக்காவலரோட சேர்ந்து புலிக்குட்டிகளைக் காப்பாத்துவாங்க. அந்தக் காவலர் வேற யாரும் இல்ல, இவன்தான். குட்டிகளை முதல்ல பார்த்துட்டு இவன் அழுதது, கால்ல தைச்ச முள்ளைப் பிடுங்கிப் போட்டுட்டு நடந்தது, எல்லாம் அப்படியே இருக்கு. இதைப் படிச்சுட்டு வனக்காவலர் ஆவேன்னு சொல்ற பசங்க எத்தனை பேர் தெரியுமா? இவனா சார் புலியை விப்பான்?"

"அக்கா, அதை உள்ள வை."

சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான். நாலு பேர் முன்னால் புகழ்ந்தால் கூசிப் போவான். அக்கா புத்தகத்தை ரேஞ்சர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

"பொறி வச்சவன் பிடிபட்டுட்டான்," என்று எழுந்தார் ரேஞ்சர். "வழி சொன்னது யாருன்னு அவன் வாயாலயே வரட்டும்."

தம்பி பதறி எழுந்தான். முக்காலி உருண்டு விழுந்தது.

"வேண்டாம் சார். அவனை எதுவும் கேக்காதீங்க. நான் வாயை விட்டதாலதான் அது செத்துச்சு. என்ன தண்டனையோ எனக்கே குடுங்க. அக்காவை மட்டும் முதல்ல வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"ஒருத்தியைக் காப்பாத்தறதுக்காக உன் வாழ்க்கையையே அழிச்சுக்கப் போறியாடா?" அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி மனைவியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி சபித்தாள்.

விலங்கு மாட்டிய ஒருவனை உள்ளே கூட்டி வந்தார்கள். பார்க்கச் சாதுவாக இருந்தான். சட்டையை ஒழுங்காக இஸ்திரி போட்டிருந்தான்.

ரேஞ்சர் தம்பியைக் காட்டினார். "குகைக்கு வழி சொன்னது இவன்தானே?"

"இவரை நான் பார்த்ததே இல்ல சார்."

"பின்னே யாரு? இவன் மச்சானா?"

"யாரும் சொல்லல சார்." அவன் கண் மேஜைக்குப் போனது. தெரிந்தவரைப் பார்த்ததுபோல் முகம் மலர்ந்தது. "இதோ, இதேதான்! தினம் தூங்கறதுக்கு முன்னால என் பொண்ணுக்கு இதைத்தான் படிச்சுக் காட்டணும். ஓடையிலயே நடந்தா பிளந்த பாறை, பாறையைச் சுத்தி வந்தா முள்ளுப்புதர், புதரை விலக்குனா குகை. எல்லாம் இதுல இருக்கே சார். காட்டோட பேரை மட்டும்தான் மாத்தியிருக்காங்க."

அக்கா மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"அதை உள்ள வைன்னு சொன்னேனேக்கா," என்றான் அவன்.