சாட்சி சொன்ன கால்கள்

ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, நண்பனைக் கூட்டிப்போக குணா உள்ளே வந்தான். சூசைமேரி மகன் ஆல்பினின் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"எம் புள்ள எங்கியும் வரமாட்டான். நீ சவாரியப் பாத்துகினு போ."

குணா சிரித்தான். "ஒரு மணியோட முகாம் முடிஞ்சிடும் பெரீம்மா. ஜல்தி வழி விடுங்க. உங்க கர்த்தரு கோச்சிகினா எம் மேல கேஸ் போடச் சொல்லுங்க."

ஊனச் சான்றிதழ் தருகிற முகாம். ஆரணியில் மறுபடி எப்போது போடுவார்களோ தெரியாது. சான்றிதழ் இருந்தால் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு எழுதிப் போடலாம். ஸ்கூட்டர் வந்தால் பட்டுக் கடையில் உட்கார்ந்து டிசைன் போடும் வேலைக்குப் போகலாம்.

ஆல்பினுக்கு முப்பத்தொரு வயது. தறிக்குழியில் பன்னிரண்டு வருடம் மிதித்த கால்கள். களம்பூர் ரோட்டில் நெல் லாரி மோதிய அன்றே செத்துவிட்டன.

அம்மாவுக்கு மட்டும் அவை சாகவில்லை.

அதற்குக் காரணம் ஆல்பின்தான். எட்டு மாதத்துக்கு முன் ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் அவன் முழங்காலில் கை வைத்து ஜெபித்தார்கள். அம்மா அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை.

"லேசா சுருக்குனு இருந்துச்சி" என்று சொல்லிவிட்டான்.

பொய். எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். என் மகனுக்குக் காலில் உணர்ச்சி வந்துவிட்டது, அவன் நடப்பான். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு விடவில்லை. தறிக்கு நூல் தார் சுற்றும்போது ராட்டைச் சத்தத்துக்கு மேல் ஸ்தோத்திரம் சொன்னாள். வார் வைத்த புதுச் செருப்பு வாங்கினாள். தினமும் துடைத்து, அவன் காலில் மாட்டிப் பார்த்து, "இறுக்குதாடா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றான். தினமும்.

சான்றிதழ் வாங்குவது, தேவன் செய்ததை இல்லை என்று கையெழுத்துப் போடுவது மாதிரி என்றாள். பாஸ்டரே முகாமுக்குப் போகச் சொன்னார். உங்களுக்கு விசுவாசம் பத்தல பாஸ்டர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள்.

இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆல்பின் முடிவு செய்திருந்தான். எழுந்ததிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றான்.

அதற்குள் குணா அவளைச் சுற்றி வந்து கட்டிலடியில் குந்திவிட்டான். "புதுச் செருப்பு வேற. மாப்ள கணக்கா போலாம் வாடா." போர்வையை விலக்கி இடது காலைத் தூக்கினான்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னாடா இது? நாங்க இல்லாதப்போ முள்ளுல நடந்துகினு கீறியா?"

உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினான்.

தன் உள்ளங்காலை ஆல்பின் பார்த்தே ஒன்றரை வருடம் ஆகிறது. கழுவுவதும் துடைப்பதும் அம்மாதான்.

குதிகாலிலிருந்து விரல்வரை புள்ளிகள். ஊசி முனை அளவு. ஆறிக் கறுத்தவை, பொருக்குத் தட்டியவை. எண்ண முடியாது.

சூசைமேரியின் கை தோளுக்குப் போனது. சேலையில் குத்தியிருந்த ஊக்கைப் பொத்திக்கொண்டது.

ஆல்பின் அந்தக் கையைப் பார்த்தான்.

விடியும் நேரத்தில் அவள் அவன் காலடியில் முழங்கால் போட்டு ஜெபிப்பாள். அரைத் தூக்கத்தில் அந்த முணுமுணுப்பு கேட்கும். நடுவே கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி தொடங்கும். ஆமென் வரைக்கும் அவன் கண் திறப்பதில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் குத்தியிருக்கிறாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே குத்தியிருப்பாள். ஒரு நாளாவது அது சுளிக்கும் என்று நம்பித்தான் குத்தியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமையும் குத்திவிட்டுத்தான் போய் மைக்கைப் பிடித்திருக்கிறாள்.

வாய்க்குள் வைத்திருந்த வாக்கியத்துக்கு இனி வேலை இல்லை. அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியும்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். லாரி மோதிய அன்றுகூட அது இப்படி இருந்ததில்லை. திருடிப் பிடிபட்டவள் முகம் மாதிரி இருந்தது.

"இன்னிக்கு குத்தினது வலிச்சுதும்மா" என்றான்.

அவள் கை ஊக்கை விட்டு இறங்கியது. கிட்டே வந்தாள். குனிந்து மெல்லக் கேட்டாள்.

"எந்தக் கால்ல?"

குணாவின் கையிலிருந்த காலை ஆல்பின் பார்த்தான். "இதுலதான். இடது கால்ல."

அவள் பார்வை வலது காலுக்குப் போனது.

குணாவுக்கு எதுவும் விளங்கவில்லை. இடது காலில் செருப்பை மாட்டிக் கீழே வைத்தான். வலது காலைத் தூக்கினான்.

உள்ளங்கால் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு புள்ளி. சிவப்பு. இன்னும் காயவில்லை.

சூசைமேரி முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"நீ போய் வண்டியக் கிளப்புப்பா குணா. இத நான் போட்டுடறேன்."

வலது செருப்பை அவளே மாட்டினாள். வாரை இழுத்துக் கடைசித் துளையில் போட்டாள்.

இறுக்குதா என்று கேட்கவில்லை.