கோட்டை வாசல்

நாவல் எழுதுபவர்களின் அந்த இணையக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாவலைத் திருத்திக் கொடுப்பவரின் பெயரில் ஒரு வீரன் அந்த நாவலில் செத்துப்போவான். ரெஜினாவின் மாயாஜால நாவலைத் திருத்தியவர் சுடலைமுத்து. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. "என்னைய ஒரே அம்புல முடிச்சிராதீங்க மேடம். கோட்டை வாசல்ல நின்னு நாலு பேயையாவது சாய்ச்சிட்டுத்தான் விழுவேன்" என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார். அப்படியே எழுதினாள். அவர் வாசலை மறித்து நின்று விழுந்ததால்தான் நகரம் பிழைத்தது.

புத்தகத்தை அவளே வெளியிட இருந்த வாரம், மாரடைப்பில் அவர் போய்விட்டார். அவருடைய எண்ணிலிருந்து அவர் மனைவி அழைத்தாள். "உங்க கதையில அவங்களும் உண்டாம்லா. அதுல நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கக்கா."

போனை வைத்ததும் ரெஜினா அந்த அத்தியாயத்தைத் திறந்தாள். அவர் மார்பில் தைத்த அம்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அவரை வாசலிலிருந்து நகர்த்தினாள். பேய்ப்படை உள்ளே புகுந்தது.

"கோட்டையே போச்சுன்னா அடுத்த பாகத்துக்கு என்னங்க செய்வீங்க?" என்று மாற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் குழுவில் கேட்டார்கள். அவள் மாற்றி எழுதியவைதான் அவர் திருத்தாத முதல் பக்கங்கள். அவற்றில் சுடலைமுத்து ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எரியும் நகரத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்.